தரையைப் பார்த்து மரவேலி அமைப்பது எப்படி?

மரவேலி போட நினைப்பவர்கள் பலகையின் அழகிலிருந்துதான் தொடங்குவார்கள். நீங்கள் தரையிலிருந்து தொடங்குங்கள். நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறது, காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று பார்த்துவிட்டால் வடிவம் பாதி முடிவாகிவிடும்.

1. வடிவத்தை முடிவு செய்யுங்கள்

காற்று பலமாக அடிக்கும் இடத்தில் இடைவெளியே இல்லாத வேலி வேண்டாம். காற்று அதன்மேல் ஏறி, மறுபுறம் சுழன்றிறங்கிச் செடிகளை அலைக்கழிக்கும். இடைவெளி விட்டால் வேகம் தணிந்து உள்ளே வரும். மறைப்பும் வேண்டுமென்றால், பலகைகளைச் சட்டத்தின் இரு பக்கமும் மாற்றி மாற்றி அடிக்கலாம்.

சரிவான நிலத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று, வேலியைப் படிப்படியாக இறக்குவது. இதில் ஒவ்வொரு படியின் அடியிலும் முக்கோணச் சந்து விழும். மற்றது, குறுக்குச் சட்டங்களைச் சரிவோடு சாய்த்து அடிப்பது. மிதமான சரிவுக்கு இதுதான் என் தேர்வு, தோட்டத்தோடு இழைந்து போகும். எந்த வழியானாலும் தூண் செங்குத்தாகத்தான் நிற்க வேண்டும்.

2. நூல் கட்டுங்கள்

எல்லை எதுவென்று உறுதிசெய்து, மண்ணுக்கடியில் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று விசாரித்துவிட்டு முளை அடியுங்கள். மூலை சரியாக வர, மூலையிலிருந்து அளந்து ஒரு நூலில் 3 அடியிலும் மற்றதில் 4 அடியிலும் குறியிடுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே 5 அடி இருந்தால் அது செங்கோணம்.

தூண்களுக்கிடையே 6 முதல் 8 அடி விடலாம். 50 அடி வேலிக்கு எட்டெட்டு அடியாகப் போனால் கடைசியில் 2 அடித் துண்டு அசிங்கமாக மிஞ்சும். ஏழாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 அடி 2 அங்குலம், பார்க்க ஒரே சீராக இருக்கும்.

3. தூண் நடுங்கள்

அவசரப்படக் கூடாத வேலை இதுதான். தூணின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். 5 அடி உயர வேலி என்றால் தூண் ஏழரை அடி. குழி 3 அடி ஆழம், தூணின் அகலத்தைப்போல் மூன்று மடங்கு அகலம். அடியில் 6 அங்குலம் ஜல்லி போட்டுக் கெட்டித்து, அதன்மேல் தூணை நிறுத்துங்கள். அடுத்தடுத்த இரண்டு முகங்களிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, முட்டுக் கொடுத்தபின் கான்கிரீட் ஊற்றுங்கள்.

தூணின் அடிமுனையைக் கான்கிரீட் மூடிவிடக் கூடாது, தண்ணீர் ஜல்லி வழியே இறங்கட்டும். மேற்பரப்பை மண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, தூணிலிருந்து வெளிப்பக்கம் சரியும்படி பூசுங்கள். தூண் பெரும்பாலும் உளுத்துப் போவது மண்மட்டத்தை ஒட்டிய அந்தச் சில அங்குலத்தில்தான். ஈரமும் காற்றும் அங்கே ஒன்றாகக் கிடைப்பதால் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். கான்கிரீட் ஊற்றியபின் இரண்டு நாள் தூணைத் தொடாமல் விடுங்கள்.

4. சட்டமும் பலகையும்

4 அடி உயரம் வரை இரண்டு குறுக்குச் சட்டம் போதும், அதற்கு மேல் மூன்று. ஸ்க்ரூ துத்தநாகம் பூசியதாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும். வெறும் இரும்பு துருப்பிடிக்கும். ஓக் போன்ற மரங்களில் கறுப்புக் கோடாகவும் வழியும். பலகை ஓரத்தில் முன்துளை போட்டால் வெடிக்காது. இடைவெளி அளவுக்கு ஒரு மரத்துண்டை அறுத்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் டேப் பிடிக்க வேண்டாம். பலகையின் அடிமுனை தரையிலிருந்து 2 அங்குலம் மேலே நிற்கட்டும்.

கதவு வைத்தால் குறுக்குத் தாங்கியைக் கீழ்க் கீலின் பக்கத்திலிருந்து தாழ்ப்பாள் பக்க மேல்மூலைக்கு ஏற்றுங்கள். அப்போதுதான் கதவு தொங்காது.

5. பூச்சு

அறுத்த முனைகள்தான் தண்ணீரை வேகமாக உறிஞ்சும். உளுக்காமலிருக்க மருந்தேற்றிய மரமானாலும், அறுத்த இடத்தில் மறுபடி மருந்து பூச வேண்டும். எண்ணெயோ, நிறமேற்றும் ஸ்டெயினோ அடிக்கும் முன் பலகையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக நின்றால் மரம் இன்னும் காயவில்லை, சில வாரம் பொறுங்கள். உள்ளே இழுத்துக்கொண்டால், அந்த ஈரம் உலர்ந்ததும் பிரஷ்ஷை எடுக்கலாம்.