காலப் பயணச் சீட்டாட்டம்: முதல் ஆட்டத்தைக் கெடுக்கும் தவறுகள்

க்ரோனோநாட்ஸ் விளையாட்டை முதன்முறை ஆடி எழுந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "அமெரிக்க வரலாறு தெரிஞ்சாத்தான் ஆட முடியும் போல" என்பார்கள். இல்லையென்றால், "எல்லாம் சீட்டு வர்ற அதிர்ஷ்டம்தான்" என்பார்கள். நல்ல ஒரு விளையாட்டு இந்த இரண்டு பதில்களோடு அலமாரிக்குப் போய்விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மும்பையின் செம்பூரிலும் முலுண்டிலும் வீட்டு ஹாலில் ரம்மி பார்த்தே வளர்ந்த நம் ஆட்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரே மாதிரித் தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் முதல் ஆட்டமே ருசிக்கும்.

முதலில் ஆட்டம் என்னவென்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உருவாக்கியவர் ஆண்ட்ரூ லூனி. லூனி லேப்ஸ் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு வெளியிட்டது. ஃப்ளக்ஸ் (Fluxx) என்ற சீட்டாட்டம் ஆடியிருக்கிறீர்களா? அதுவும் அவருடையதுதான். தரையிலோ மேசையிலோ 32 சீட்டுகளை வரிசைக்கு எட்டாக நான்கு வரிசை பரப்ப வேண்டும். 1865-இல் லிங்கன் கொல்லப்பட்டதில் தொடங்கி 1999 வரை, ஒவ்வொரு சீட்டிலும் ஓர் ஆண்டும் ஒரு நிகழ்வும் இருக்கும். இதற்கு டைம்லைன் என்று பெயர். இதில் சில சீட்டுகள் லிஞ்ச்பின். கையில் உரிய சீட்டு இருந்தால் நீங்களே திருப்பலாம். 1912 டைட்டானிக், 1914 ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்ட், 1963 கென்னடி, 1980 ஜான் லெனன் எல்லாம் இந்த வகை. மற்றவை ரிப்பிள்பாயிண்ட், இவற்றை நேரடியாகத் தொட முடியாது. ஒரு லிஞ்ச்பின் திரும்பினால், அதைச் சார்ந்த ரிப்பிள்பாயிண்ட்கள் கூடவே திரும்பி பேரடாக்ஸ் ஆகிவிடும். அதாவது, அந்த ஆண்டில் என்ன நடந்தது என்பதே இல்லாமல் போன ஓட்டை. அந்த ஆண்டுக்கென்றே உள்ள பேட்ச் சீட்டைப் போட்டு ஓட்டையை அடைக்கலாம். அடைத்தவருக்குக் கூடுதலாக ஒரு சீட்டு கிடைக்கும்.

ஒவ்வொருவரிடமும் ரகசியமாக இரண்டு சீட்டு இருக்கும். ஒன்று ஐடி: நீங்கள் எந்த உலகத்திலிருந்து வந்தவர் என்பதை மூன்று ஆண்டுகளின் நிலையைக் கொண்டு சொல்லும். அந்த மூன்றும் மேசையில் அப்படியே அமைந்தால் நீங்கள் வீடு திரும்பி ஜெயித்துவிடுவீர்கள். இன்னொன்று மிஷன்: மூன்று அரும்பொருட்களைச் சேர்க்கச் சொல்லும். இவை இரண்டும் இல்லாமல், கையில் பத்துச் சீட்டு சேர்ந்தாலும் வெற்றிதான். முறை வந்தால் ஒரு சீட்டு எடுக்க வேண்டும், ஒரு சீட்டு போட வேண்டும். அவ்வளவுதான்.

ரம்மிக் கையோடு உட்காருவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ரம்மியில் உங்கள் உலகம் முழுக்கக் கையில் இருக்கிறது. கீழே இறங்குகிற ஒரு சீட்டைக் கவனித்தால் போதும், மற்ற நேரமெல்லாம் கையைத்தான் அடுக்கி அடுக்கிப் பார்ப்போம். அந்தப் பழக்கத்தோடு இங்கே உட்கார்ந்தால், கையில் மூன்றே சீட்டை விசிறி போல விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்போம். தன் முறை வரும்போது நிமிர்ந்தால் மேசை மாறிப்போயிருக்கும். "இது எப்ப திரும்பிச்சு?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. யாரோ எதையோ திருப்புகிறார்கள், நமக்குச் சம்பந்தமில்லை என்ற எண்ணமும் அப்போதுதான் முளைக்கிறது. அதிர்ஷ்டம்தான் எல்லாம் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் மேசையைப் பார்க்காதவர்கள்.

அடுத்தவர் ஆடும்போது உங்கள் ஐடியில் உள்ள மூன்று ஆண்டுகளை மட்டும் மேசையில் தேடிப் பாருங்கள். எத்தனை சரியாக இருக்கிறது? ஒன்றா, இரண்டா? மிச்சம் உள்ளது லிஞ்ச்பின்னா, பேட்ச் போட வேண்டிய ஆண்டா? கையில் உள்ள சீட்டுக்கு அர்த்தம் வருவதே இந்தக் கணக்குக்குப் பிறகுதான்.

ரம்மியிலிருந்து இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டு வரும். செட்டு முழுசாகச் சேரும்வரை எதையும் வெளியே காட்டாமல் வைத்திருப்பது. மிஷனில் அது வேலைக்கு ஆகாது. அரும்பொருள் சீட்டு உங்கள் முன்னால் இறங்கியிருந்தால்தான் கணக்கு. முறைக்கு ஒரு சீட்டுதான் போடலாம் என்பதால் மூன்றையும் கையில் பிடித்துக்கொண்டிருப்பவர் இறக்கி முடிக்க மூன்று முறை காத்திருக்க வேண்டும். அதற்குள் வேறொருவர் வீட்டுக்குப் போயிருப்பார். கீழே இறக்கினால் திருடிக்கொண்டு போவார்களே என்று கேட்பார்கள். ஆமாம், டைம்வார்ப் என்ற தந்திரச் சீட்டுகளால் அது நடக்கும். அதற்கும் வழி உண்டு. உங்கள் மிஷனில் இல்லாத அரும்பொருளையும் சேர்த்து இறக்குங்கள். எது உங்களுக்கு வேண்டியது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு வேண்டியது உங்களிடம் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

அப்புறம், ரம்மியில் நம் முறை இல்லாதபோது நமக்கு வேலை இல்லை. இங்கே 'எதிர்கால உன்னிடமிருந்து ஒரு குறிப்பு' என்ற பொருளில் ஒரு சீட்டு இருக்கிறது. அடுத்தவர் போடும் சீட்டை அந்த நொடியிலேயே அது ரத்து செய்யும், உங்கள் முறை வரக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் ஆட்டத்தில் இதை வைத்திருப்பவர்கள் ஒன்று மறந்துவிடுவார்கள், அல்லது முதல் சின்ன விஷயத்துக்கே வீணாக்கிவிடுவார்கள். ஒருவர் ஜெயிக்கப்போகும் கட்டம்வரை அதை வைத்திருப்பதுதான் சரி.

வரலாற்றுப் பாடம் நடத்துவது

சொல்லிக்கொடுப்பவர் செய்யும் தவறு இது. ஆசையாக 1865-இல் ஆரம்பித்து ஒவ்வொரு சீட்டாகக் கதை சொல்வார். எட்டாவது சீட்டுக்குள் எல்லாரும் போனை எடுத்திருப்பார்கள். இந்த ஆட்டத்துக்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எந்த ஆண்டு எதைப் பாதிக்கும் என்பது சீட்டிலேயே அச்சாகி இருக்கிறது. டைம்லைனில் அமெரிக்க, ஐரோப்பிய நிகழ்வுகளே அதிகம் என்பது உண்மைதான். ஆனால் புரிய வேண்டியது அந்த நிகழ்வுகள் இல்லை, ஒன்று மாறினால் அதைச் சார்ந்தது என்ன ஆகும் என்ற தொடர்பு மட்டும்தான்.

அதை விளக்க மும்பையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிகின் கப்பலில் தீப்பிடித்தது. அதில் வெடிமருந்தும் பஞ்சுப் பொதிகளும் தங்கக் கட்டிகளும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. கப்பல் வெடித்ததில் துறைமுகமும் சுற்றுவட்டாரமும் எரிந்தன. தீயை அணைக்கப் போன வீரர்களும் நூற்றுக்கணக்கான மக்களும் இறந்தார்கள். அந்த வீரர்களின் நினைவாகத்தான் ஏப்ரல் 14 நாடு முழுவதும் தீயணைப்பு சேவை நாளாக அனுசரிக்கப்படுகிறது. நமக்குப் பெரும்பாலும் புத்தாண்டாக வரும் அதே தேதி.

இப்போது ஒருவர் பின்னால் போய், அந்தக் கப்பலில் பஞ்சையும் வெடிமருந்தையும் சேர்த்து ஏற்றாமல் தடுத்துவிட்டார் என்று வையுங்கள். அது லிஞ்ச்பின்னைத் திருப்புவது. அப்படியானால் இன்றைக்கு ஏப்ரல் 14-இல் தீயணைப்பு நிலையங்களில் எதற்காக அஞ்சலி செலுத்துகிறார்கள்? அந்த நாளுக்குக் காரணமே இல்லாமல் போகிறது. அதுதான் பேரடாக்ஸ். வேறொரு நிகழ்வைக் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்பினால் அது பேட்ச். இந்த ஒரு கதையைச் சொன்னால் விதிப்புத்தகத்தில் பாதி புரிந்துவிடும். மேசையில் உள்ள 1912 சீட்டைக் காட்டி, டைட்டானிக் பனிப்பாறையில் மோதியதும் ஓர் ஏப்ரல் 14 இரவில்தான் என்று நான் சேர்த்துச் சொல்வதுண்டு. ஆட்டத்துக்கு அது தேவையில்லை, ஆனால் கேட்பவர்கள் அந்தச் சீட்டை மறக்க மாட்டார்கள்.

திருப்பும்போது அவசரப்படுவது

லிஞ்ச்பின்னைத் திருப்பியவர் சந்தோஷத்தில் உட்கார்ந்துவிடுவார், அதைச் சார்ந்த ரிப்பிள்பாயிண்ட்களில் ஒன்றை யாரும் திருப்பியிருக்க மாட்டார்கள். நாலு முறை கழித்துத்தான் கண்ணில் படும். அதற்குள் யார் யார் எதை நம்பி ஆடினார்கள் என்று பிரிக்கவே முடியாது, அந்த ஆட்டம் போனது போனதுதான். திருப்புகிறவர் சீட்டில் உள்ள ஆண்டுகளைச் சத்தமாக வாசிக்கட்டும், பக்கத்தில் இருப்பவர் திருப்பட்டும். திருப்பிய பிறகு ஒருமுறை எல்லாரும் பார்க்கட்டும். சில நொடி வேலைதான். இப்படி வாசிக்கிற பழக்கத்தால் இன்னொரு பயனும் உண்டு: 1936-இல் ஹிட்லர் கொல்லப்பட்டால் போர்க்கால ஆண்டுகள் எப்படி ஒவ்வொன்றாக ஓட்டையாகின்றன என்பது மேசையில் இருக்கும் எல்லாருக்கும் கண்ணெதிரே தெரியும். ஆட்டத்தின் உயிரே அந்தக் காட்சியில்தான் இருக்கிறது.

அந்த ஓட்டைகளை எண்ணாமல் விடுவதும் சேர்ந்தே நடக்கும். அடைக்கப்படாத பேரடாக்ஸ் 13 ஆகிவிட்டால் பிரபஞ்சம் அழிந்தது, எல்லாரும் தோற்றார்கள். தனக்கு வேண்டிய ஆண்டு அமைய வேண்டும் என்று ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டே போனால் அந்த எண் சட்டென்று வந்துவிடும். பத்தைத் தாண்டிவிட்டால் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. அந்தக் கட்டத்தில், பேட்ச் இருப்பவர் தனக்குப் பயனில்லாவிட்டாலும் அடைத்தே ஆக வேண்டிய நிலை வரும். போட்டியாளர்கள் கொஞ்ச நேரம் கூட்டாளிகளாக மாறுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஐடியைக் கண்டு முகம் சுளிப்பது, அல்லது அதைத் தட்டிக்கழிப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில ஐடிகளுக்கு வரலாறு நடந்தபடியே நடக்க வேண்டியிருக்கும். இன்னொருவர் காப்பாற்றிய கப்பலை நீங்கள் மறுபடி மூழ்கடிக்க வேண்டியிருக்கலாம். பிழைத்துக்கொண்டவரை மறுபடி சுட வைக்க வேண்டியிருக்கலாம். செம்பூரில் ஒரு மாமி இந்த இடத்தில் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, "பொழைச்சது பொழைச்சிண்டு போகட்டுமே, நான் ஏன்டா கொல்லணும்?" என்று கேட்டார். மேசையில் இருந்தவர்கள் "விளையாட்டுதானே மாமி" என்றார்கள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. காலப் பயணக் கதை எதை எடுத்தாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும்: உன் உலகம் மீண்டும் வேண்டுமென்றால் அதில் நடந்த கொடுமைகளும் சேர்ந்தே வரும், சம்மதமா? அந்தக் கேள்வி வந்தால் ஆட்டத்தை நிறுத்தி இரண்டு நிமிடம் பேசுங்கள். அவர்கள் கப்பலைத் திருப்ப மறுத்து மிஷன் பக்கம் போனாலும் போகட்டும். வெற்றிக்கு வேறு வழிகளை ஆட்டமே கொடுத்திருக்கிறது.

குழந்தைகளோடு ஆடுவதாக இருந்தால் டைம்லைன் சீட்டுகளை நீங்கள் முதலில் தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். படுகொலைகள் நிறைய உண்டு. 1999 சீட்டு கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூடு. எந்த வயதில் எதைச் சொல்வது என்பது உங்கள் முடிவு, ஆனால் சீட்டைத் திருப்பும் நேரத்தில் அந்த முடிவை எடுக்கும்படி ஆகிவிடக்கூடாது.

ஐடியைத் தாண்டி இன்னொன்றும் உண்டு. மூன்று வெற்றி வழிகளில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது. 'உன் பெற்றோர் சந்திக்கவே இல்லை' என்ற பொருளில் ஒரு சீட்டு வந்தால் உங்கள் ஐடியே போய் வேறு ஐடி வரும். அதுவரை ஐடியை மட்டும் நம்பி ஆடியவர் மனம் உடைந்து போவார். அரும்பொருளும் இரண்டு இறக்கி வைத்திருந்தவர் சிரித்துக்கொண்டே புது ஐடியை எடுப்பார்.

இடமும் ஆளும்

சாதாரணச் சீட்டு அளவில் எட்டுக்கு நான்கு என்று பரப்பினால், இடைவெளியோடு அரை மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். நம் மும்பை வீடுகளில் டீப்பாயில் அது அடங்காது, ஓரத்துச் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆண்டு தெரியாவிட்டால் ஆட்டமே இல்லை. தரையில் பாய் விரித்து ஆடுங்கள். ஃபேனைக் குறைத்து வையுங்கள், ஒரு காற்றில் வரலாறு கலைந்தால் மீட்டு அடுக்க யாராலும் முடியாது. மழைக்காலத்தில் சீட்டு நமுத்து வளைந்துவிடும். அடிக்கடி ஆடுவதாக இருந்தால் பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள்.

ஆறு பேர் வரை ஆடலாம் என்று இருந்தாலும் முதல் ஆட்டத்துக்கு மூன்று அல்லது நான்கு பேர்தான் என் தேர்வு. ஆறு பேர் இருந்தால் உங்கள் முறை திரும்பி வருவதற்குள் டைம்லைன் ஐந்து கை மாறியிருக்கும், திட்டம் போடுவதற்கே மனம் வராது.

அதிர்ஷ்டம் இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிறையவே இருக்கிறது. செஸ் மாதிரி எதிர்பார்த்து வருபவருக்கு இது ஒத்துவராது, அவரை வற்புறுத்தவும் வேண்டாம். ஆனால் முதல் ஆட்டத்தில் கிடைக்கிற அபிப்பிராயம் விதிகளைப் பற்றியது, இரண்டாவது ஆட்டத்தில்தான் விளையாட்டைப் பற்றிய அபிப்பிராயம் கிடைக்கும். அரை மணி நேரத்தில் முடிகிற ஆட்டம் என்பதால் அதே ஆட்களோடு, எழுந்திருக்காமல், உடனே இரண்டாவதையும் ஆடிவிடுங்கள்.

சொல்லிக்கொடுக்கப் போகிறவர் முந்தின நாள் ஒருமுறை தனியாக ஆடிப் பார்ப்பது நல்லது. ஒருவரே ஆடுவதற்கும் விதிகள் இருக்கின்றன: பல ஐடிகளை முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையாக வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எந்த லிஞ்ச்பின் எந்த ஆண்டுகளை இழுக்கும் என்பது அதில் தானாகவே மனதில் பதிந்துவிடும். மறுநாள் யார் எதைக் கேட்டாலும் விதிப்புத்தகத்தைப் புரட்டாமல் சொல்லலாம்.