ஆர்கேட் பலகை: துளை போடுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

கடைகளில் காசு போட்டு ஆடிய பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஆடுபவர்களுக்கு ஒரு கட்டத்தில் கீபோர்ட் போதாமல் போகும். ஜொய்ஸ்டிக்கையும் பட்டன்களையும் பலகையில் பூட்டி, நின்றுகொண்டு ஆடவேண்டும் என்று கை கேட்கும். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இதுவரை மூன்று பலகை செய்திருக்கிறேன். முதலாவது ஒரு மாரியைக்கூடத் தாங்கவில்லை.

அது எம்டிஎஃப், மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்கிற பலகை. மேற்பக்கத்துக்கு நன்றாகப் பெயின்ட் அடித்துவிட்டு, கீழ்ப்பக்கத்தையும் துளைகளின் உள்விளிம்பையும் அப்படியே விட்டிருந்தேன். எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். கார்த்திகை மழையில் வெட்டிய விளிம்புகள் ஈரத்தைக் குடித்து ஊதின; அமுக்கிய பட்டன் மேலே வரவில்லை. இங்கே நல்ல பிளைவுட்தான் சரி. அதையும் ஒரு பக்கம் மட்டும் பூசினால் வளையும். இரண்டு பக்கமும், துளைக்குள்ளும் ஈரம் புகாமல் அடைக்கிற சீலர் அடியுங்கள்.

பலரும் கவனிக்காதது மரத்தின் தடிப்பு. ஓடாவியிடம் கேட்டால் உறுதிக்காக 18 மில்லிமீற்றர் பலகையைத்தான் சொல்வார். மேசைக்கு அது சரி. ஆனால் ஜப்பானிய வகை ஜொய்ஸ்டிக் மெல்லிய இரும்புத் தகட்டை நினைத்துச் செய்யப்பட்டது. தடித்த பலகையின் அடியில் பூட்டினால் தண்டில் அத்தனை உயரமும் மரத்துக்குள் போய்விடும்; மேலே மிஞ்சுகிற குட்டைத் தண்டைப் பிடித்து ஆடினால் மணிக்கட்டு நோகும். ஜொய்ஸ்டிக் உட்காரும் இடத்தை மட்டும் அடியிலிருந்து குடைந்து, 6 மில்லிமீற்றர் அளவுக்கு மரத்தை மிச்சம் விடுங்கள். அந்த மெல்லிய இடத்தில் நீளமான ஆணி முடுக்கினால் மேலே குத்திக்கொண்டு வரும் என்பதையும் மறக்கவேண்டாம்.

பட்டனிலும் இதே கதைதான். அழுத்திப் பூட்டுகிற வகையின் பிளாஸ்டிக் கொக்கிகள் தடித்த மரத்தின் அடிப்பக்கத்தை எட்டாது. நீளக் கழுத்தில் மரை உள்ள, நட் போட்டு முடுக்குகிற வகையை வாங்குங்கள். ஜப்பானிய வகைப் பெரிய பட்டனுக்கு 30 மில்லிமீற்றர் துளை, ஸ்டார்ட் பட்டனுக்கு 24. அமெரிக்க வகைக்கு ஏறக்குறைய 28 போதும். எனவே பட்டன் கையில் வந்து, கழுத்தை அளந்த பிறகுதான் டிரில் பிட் வாங்கவேண்டும். துளைக்கும்போது அடியில் ஒரு கழிவுப் பலகையை இறுக்கி வையுங்கள். இல்லையென்றால் பிட் வெளியே வருகிற பக்கம் பிளைவுட் சிலும்பும்.

இணையத்தில் கிடைக்கிற பட்டன் வரைபடத்தை அப்படியே ஒட்டித் துளைப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அது வேறொருவர் கைக்கு வரைந்தது. காட்போட் மட்டையில் துளை வெட்டி, பட்டன்களைப் போட்டு, நிற்கப்போகும் உயரத்தில் வைத்து ஒரு மணித்தியாலம் கையை வைத்துப் பாருங்கள். இரண்டு பேர் ஆடுவதென்றால் தம்பியையோ மச்சானையோ பக்கத்தில் நிறுத்துங்கள். தோள் இடித்தால் அகலம் போதாது. முன்விளிம்பைக் கட்டாயம் உருட்டித் தேயுங்கள், மணிக்கட்டு அங்கேதான் கிடக்கும். பலகையைப் பூட்டப்போகும் பெட்டியின் பக்கச் சுவர் எங்கே வரும் என்பதையும் மட்டையிலேயே கோடு போட்டுவிடுங்கள். மேலே இடம் இருக்கும், அடியில் ஜொய்ஸ்டிக்கின் அடித்தகடு அந்தச் சுவரில் முட்டும்.

வயரிங் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பட்டன்களின் கிரவுண்ட் கால்களை ஒரே வயரால் வரிசையாகக் கோர்க்கலாம். சிக்னல் வயர் மட்டும் ஒவ்வொன்றும் தனியாக என்கோடருக்கு, அதாவது பட்டன் அமுக்குவதைக் கணினிக்குச் சொல்லும் சிறிய சர்க்கிட்டுக்கு, போகவேண்டும். பட்டனின் சுவிட்சில் நேரடியாக ஈயம் ஒட்டவேண்டாம், சூட்டில் பிளாஸ்டிக் இளகும். வயர் நுனியில் செருகுகிற டெர்மினல் போடுங்கள். அதன் அகலம் சுவிட்சுக்கேற்ப 2.8 அல்லது 4.8 மில்லிமீற்றர். எங்கள் உப்புக்காற்றில் அவை கறுத்துப்போகும், அவ்வப்போது கழற்றித் துடைக்கவேண்டி வரும். அதனால் பலகையைப் பெட்டியோடு ஒட்டிவிடாமல் பிணைச்சலில் பூட்டி, வயரை ஒரு சாண் நீளமாக விட்டு வையுங்கள்.