நம்பிக் கொடுத்த நகை திரும்பி வரவில்லையா? புகாரை இப்படி எழுதுங்கள்

தாலுகா ஆபீஸ் எதிரில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். "துரோகம் பண்ணிட்டா ஐயா, கூடப்பிறந்தவ மாதிரி நெனச்சேன்" என்றுதான் முக்கால்வாசிப் பேர் ஆரம்பிப்பார்கள். அவர்களை முழுசாகப் பேசவிட்ட பிறகுதான் பேனாவை எடுப்பேன். வயிற்றெரிச்சலை யாரிடமாவது கொட்டித்தானே ஆகவேண்டும். ஆனால் அந்தப் பேச்சை அப்படியே மனுவில் இறக்கினால் வழக்கு நிற்காது. எதை ஒப்படைத்தீர்கள், எதற்காக ஒப்படைத்தீர்கள், அவர் அதை என்ன செய்தார் என்பதைத்தான் ஸ்டேஷனில் பார்ப்பார்கள்.

முதலில் உங்கள் விஷயம் எந்த வகை என்று பாருங்கள். கைமாற்றாகப் பணம் கொடுத்து அவரால் திருப்பித் தர முடியவில்லை என்றால், அது கடன். புரோநோட்டை எடுத்துக்கொண்டு மூன்று வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போகவேண்டும். அந்தக் கெடுவுக்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்டுத் தந்தால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருஷம் கிடைக்கும். இல்லாத மனையைக் காட்டி முன்பணம் வாங்கியவர் முதல் நாளே ஏமாற்றும் எண்ணத்தோடு வந்தவர். அது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-வது பிரிவு. நல்லபடியாக நம்பி ஒப்படைத்த பொருளைப் பிறகு தன்னுடையது போல விற்றாலோ செலவழித்தாலோ அது நம்பிக்கை மோசடி, 316-வது பிரிவு. ஐந்து வருஷம் வரை தண்டனை உண்டு. ஒரே சம்பவத்தில் இந்த இரண்டு குற்றமும் சேர்ந்து இருக்க முடியாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் பிரிவுகளை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். நடந்ததைத் தெளிவாக எழுதினாலே எந்தப் பிரிவு என்பது தெரிந்துவிடும்.

என்னிடம் அதிகம் வருவது நகை விவகாரம். "மூணு மாசம் அடகு வெச்சுட்டு மீட்டுத் தர்றேன் அக்கா" என்று வாங்கிப் போயிருப்பார்கள். அதை நான் இப்படி எழுதுவேன்:

"12.03.2025 அன்று மாலை என் வீட்டில், என் மூத்த மகள் முன்னிலையில், 3 சவரன் இரட்டை வடச் செயின் ஒன்றையும் அரை சவரன் தோடு ஒரு ஜோடியையும், மூன்று மாதம் அடகு வைத்து மீட்டுத் தருவதற்காக மட்டும் எதிர்மனுதாரரிடம் ஒப்படைத்தேன். விற்க நான் சம்மதிக்கவில்லை. 20.07.2025 அன்று கேட்டபோது விற்றுவிட்டதாகச் சொன்னார்."

இதில் 'ஒப்படைத்தேன்', 'அடகு வைத்து மீட்டுத் தருவதற்காக மட்டும்' என்ற இரண்டும்தான் உயிர். வெறுமனே 'கொடுத்தேன்' என்று எழுதினால் அன்பளிப்பாகக் கொடுத்தது என்று எதிர்த்தரப்பு சொல்ல இடமிருக்கிறது. தேதி சரியாக நினைவில்லையா? பங்குனி உத்திரத்துக்கு முந்தின வாரம் என்று உள்ளதை எழுதுங்கள். குத்துமதிப்பாக ஒரு தேதியைப் போட்டு வைக்காதீர்கள், குறுக்கு விசாரணையில் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

நகைக்கடை ரசீது இல்லாவிட்டால் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள். அந்தச் செயின் கழுத்தில் தெரியும் போட்டோ ஒன்று போதும், பிரதி எடுத்து இணைக்கலாம். "அடுத்த மாசம் மீட்டுடறேன்" என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியும் குரல் பதிவும் போனில் அப்படியே இருக்கட்டும். கோபத்தில் அந்த எண்ணை அழித்துவிடாதீர்கள், வழக்கு முடியும்வரை போனையும் மாற்றாதீர்கள்.

புதிய சட்டம் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முன்னால் நம்பிக்கை மோசடி நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 406-வது பிரிவுதான் பொருந்தும். அதற்குத் தண்டனை மூன்று வருஷம் வரை. கோர்ட் அதை விசாரணைக்கு எடுக்கவும் மூன்று வருஷக் கெடு இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் சொந்தக்காரர்கள் பஞ்சாயத்தை நம்பி நாளைக் கடத்தவேண்டாம்.

புகாரை இரண்டு பிரதியாக எடுத்துப் போங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் இலவசம். முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்க டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம், அதைத் தட்டிக்கழிப்பதாக நினைக்க வேண்டியதில்லை. வாங்கவே மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று பெண்கள் தயங்கவே வேண்டாம், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

புகார் கொடுத்த கையோடு, பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஆள் வரும். சரி, பேசுங்கள். ஆனால் நகை கைக்கு வந்து, எடை போட்டு, கிராம் கணக்கை எழுதிய பிறகுதான் சமாதானக் கடிதத்தில் கையெழுத்து. ஒரு சவரன் 8 கிராம். மூன்றரைக்கு 28 வரவேண்டும். பாதியை இப்போது தருகிறேன், மீதி தை மாதம் என்றால், தந்த எடையையும் மீதி எடையையும் தேதி போட்டு அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.