கூட்டுப்படை சேர்க்கும்போது எங்கே தவறுகிறோம்?

மேசைப் போர் விளையாட்டில் குறையில்லாத படை என்று ஒன்று கிடையாது. ஒன்றில் வில்லாளிகள் போதாது, ஒன்றுக்கு வேகம் வராது, இன்னொன்றில் உருப்படியான மந்திரவாதி இருக்கமாட்டார். அந்த ஓட்டையை அடைக்க வேறொரு படையிலிருந்து ஆள் இரவல் வாங்க விதிகளே வழி வைத்திருக்கின்றன. ஆனால் ஒரு யூனிட் (ஒன்றாக நகரும் மாடல் கூட்டம்) தன் சொந்தப் படையில் மின்னுவதற்குப் பாதிக் காரணம், பக்கத்தில் நிற்கும் அதன் தலைவர்களும் அந்தப் படைக்கே உரிய சிறப்பு விதிகளும்தான். இரவல் வரும்போது அவை கூடவே வருவதில்லை. அதை எடுக்கக் கொடுக்கும் பாயிண்ட் விலை மட்டும் குறையாமல் வரும். இதை மறந்துவிட்டு லிஸ்ட் (படைப் பட்டியல்) போடுவதால்தான் பெரும்பாலான சிக்கல்கள். இங்கே முக்கியமாக ஏஜ் ஆஃப் சிக்மார் ஆட்டத்தின் நான்காம் பதிப்பை வைத்துச் சொல்கிறோம். மற்ற ஆட்டங்கள் தேவைப்படும் இடத்தில் வரும்.

பழைய பதிப்பின் விதியோடு வந்து நிற்பது

ஏஜ் ஆஃப் சிக்மார் மூன்றாம் பதிப்பில் 2000 பாயிண்ட் ஆட்டத்துக்கு 400 பாயிண்ட் வரை கூட்டுப்படை எடுக்கலாம், நான்கு யூனிட்டில் ஒன்று கூட்டாளியாக இருக்கலாம் என்று கணக்கு. 2024 ஜூலையில் நான்காம் பதிப்பு வந்ததும் அந்தக் கணக்கு போய்விட்டது. இணையத்தில் கிடக்கும் பழைய வீடியோக்களும் மாதிரி லிஸ்ட்களும் இன்னும் 400 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இப்போது வேற்றுப் படையை உள்ளே கொண்டுவரும் வழி 'ரெஜிமென்ட் ஆஃப் ரினவுன்' என்ற ஆயத்தத் தொகுப்பு. ஒரு படைக்கு ஒன்றுதான் எடுக்கலாம்.

கிங்ஸ் ஆஃப் வார் ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பில் கதை வேறு. அங்கே மொத்தப் பாயிண்டில் 25 சதவீதம் வரை, அதாவது 2000க்கு 500, கூட்டாளிகளுக்குச் செலவிடலாம். நல்லவர் அணியும் தீயவர் அணியும் சேரக்கூடாது, நடுநிலையாளர் இருவரோடும் சேரலாம். மிடில்-எர்த் ஆட்டத்தின் 2018 பதிப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நட்பு அட்டவணையே இருந்தது. பச்சையில் இருந்தால் இரு படைகளின் சிறப்புப் பலனும் நிற்கும், மஞ்சளுக்கு இறங்கினாலே இரண்டும் போய்விடும். 2024 டிசம்பரில் வந்த புதிய பதிப்பில் அந்த அட்டவணையே இல்லை. ஆகவே யாராவது "கூட்டுப்படை எடுக்கலாம்" என்று சொன்னால், எந்த ஆட்டம், எந்தப் பதிப்பு என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

ஆக்ஸிலரி என்றால் வேற்றுப் படை என்று நினைப்பது

புதியவர்களிடம் அதிகம் காணும் குழப்பம் இது. நான்காம் பதிப்பில் ஆக்ஸிலரி என்பது உங்கள் சொந்தப் படையின் யூனிட்தான். எந்த ஹீரோவின் ரெஜிமென்டிலும், அதாவது அவர் தலைமையில் நிற்கும் குழுவிலும், இடம் கிடைக்காமல் தனியாக நிற்பது. தளபதியின் ரெஜிமென்டில் ஹீரோ அல்லாத யூனிட்கள் நான்கு வரை, மற்ற ஹீரோக்களின் ரெஜிமென்டில் மூன்று வரை. அதற்கு மேல் மிஞ்சுவதும், எந்த ஹீரோவும் சேர்த்துக்கொள்ள முடியாததும் ஆக்ஸிலரி ஆகும்.

அதற்கு ஒரு அபராதம் உண்டு. எதிராளியைவிட உங்களிடம் ஆக்ஸிலரி அதிகமாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அவருக்குக் கூடுதலாக ஒரு கமாண்ட் பாயிண்ட் (கட்டளை கொடுக்கச் செலவிடும் புள்ளி). வழக்கமாகச் சுற்றுக்கு 4, ஐந்து சுற்றுக்கு 20. அவருக்கு 25 ஆகிவிடும். தற்செயலாக மிஞ்சிய ஒரே ஒரு யூனிட்டுக்கு இந்த விலை கொடுப்பது வீண். கவனிக்க வேண்டியது, எத்தனை அதிகம் என்பது கணக்கில் வராது. ஒன்று கூடினாலும் மூன்று கூடினாலும் அவருக்குக் கிடைப்பது அதே ஒரு பாயிண்ட்தான். எனவே எடுத்தால் காரணத்தோடு எடுங்கள், இல்லையென்றால் லிஸ்டை மாற்றி எல்லாவற்றையும் ரெஜிமென்டுக்குள் அடக்கப் பாருங்கள்.

தொகுப்பைப் பிரித்து எடுக்கலாம் என்று நம்புவது

ரெஜிமென்ட் ஆஃப் ரினவுன் முழுச் சாப்பாடு மாதிரி. சாம்பார் மட்டும் வேண்டும் என்று கேட்க முடியாது. உள்ளே எந்த யூனிட், எத்தனை என்று அச்சிட்டிருக்கிறதோ அதுதான். விலையும் மொத்தமாக ஒன்றே. அதிலுள்ள ஹீரோவுக்குக் கலைப்பொருள் கொடுப்பது, அவரையே தளபதியாக்குவது எல்லாம் நடக்காது.

ஆர்டர், கேயாஸ், டெத், டிஸ்ட்ரக்‌ஷன் என்ற நான்கு பெருங்கூட்டணிகளில் ஒரே கூட்டணியில் இருந்தால் போதும் என்று நினைத்து மாடல் வாங்கிவிடுகிறவர்களும் உண்டு. போதாது. ஒவ்வொரு தொகுப்பும் தன்னை எந்தெந்தப் படைகள் எடுக்கலாம் என்று தனியாகப் பட்டியல் சொல்லும். அதில் உங்கள் படையின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பெட்டிக்குக் காசு கொடுங்கள். பாயிண்டும் வருடத்தில் சில முறை மாறும். கேம்ஸ் வொர்க்‌ஷாப் இலவசமாக வெளியிடும் போர்க்குறிப்பு பிடிஎஃப்-இல் கடைசித் தேதியுடையதைத்தான் நம்ப வேண்டும். பழைய புத்தகத்தின் பின்பக்கத்தை வைத்து லிஸ்ட் போட்டால் போட்டி நாளன்று 20, 30 பாயிண்ட் கூடி நிற்பீர்கள்.

கீவேர்ட் படிக்காமல் விடுவது

அதிகம் அடிவாங்குவது இங்கேதான். கீவேர்ட் என்பது யூனிட் எந்தப் படை, எந்த ரகம் என்று சொல்லும் சொல். ஒரு திறனின் வாசகத்தில் '12 அங்குலத்துக்குள் முழுமையாக இருக்கும் நட்பு யூனிட்' என்று இருந்தால் இரவல் ஆளுக்கும் பொருந்தும். 'நட்பு ஸ்டார்ம்காஸ்ட் எடர்னல்ஸ் யூனிட்' என்று இருந்தால், பக்கத்திலேயே தோளோடு தோள் நின்றாலும் மற்றவருக்குப் பலன் இல்லை. இரண்டு திசையிலும் இதே கதை. உங்கள் ஹீரோ அவர்களுக்கு உதவ முடியாது, அவர்கள் ஹீரோ உங்களுக்கு உதவ முடியாது.

படைக்கே உரிய போர்க்குணங்களும் அப்படித்தான். ஸ்டார்ம்காஸ்ட் படை தன் ஆட்களை வானத்தில் இருப்பில் வைத்திருந்து நடு ஆட்டத்தில் இறக்கும். சோல்பிளைட் கிரேவ்லார்ட்ஸ் படையின் ஜாம்பிகளைக் கண்டு எரிச்சல் வருவதே, நாம் கொன்ற யூனிட் கல்லறைக் குறிகளின் வழியாகத் திரும்பி வருவதால்தான். இன்னொரு டெத் படைக்குப் போன ஜாம்பிக்கு அந்தக் கல்லறை கிடையாது. அங்கே அது மெதுவாக நகர்ந்து ஒருமுறை சாகும் கூட்டம், அவ்வளவே.

சின்னக் கணக்கு ஒன்று. ஒரு யூனிட்டுக்கு 20 தாக்குதல், பகடையில் 4+ (4 அல்லது அதற்கு மேல்) விழுந்தால் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 10 அடி. தன் வீட்டில் ஒரு ஹீரோ அடிக்கு +1 சும்மா தந்துகொண்டிருந்தார் என்றால் அது 3+ ஆகி, சுமார் 13 அடி. உங்கள் படையில் அந்த மூன்று அடி வேண்டுமென்றால் 'ஆல்-அவுட் அட்டாக்' கட்டளைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கமாண்ட் பாயிண்ட் எடுத்து வைக்க வேண்டும். பொதுக் கட்டளைகள் இரவல் யூனிட்டுக்கும் செல்லும், அது நல்ல செய்தி. ஆனால் பை ஒன்றுதான். அதே நாலு பாயிண்டைத்தான் உங்கள் முக்கிய யூனிட்களும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.

லிஸ்ட் முடிவாகும் முன் வார்ஸ்க்ரோல்களை (யூனிட்டின் விதித்தாள்களை) அச்செடுத்து, கீவேர்ட் கேட்கும் திறன்களைச் சிவப்பிலும், கேட்காதவற்றைப் பச்சையிலும் கோடிடுங்கள். இரவல் யூனிட்டைத் தொடும் பச்சைக் கோடுகள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுமே இல்லையென்றால், யார் துணையும் இல்லாமல் அது தன் வேலையைச் செய்யுமா என்பதே கேள்வி. நல்ல சேவ் (அடியைத் தடுக்கும் பகடை), சொந்த வார்ட் (அதற்கு மேல் இன்னொரு தடுப்புப் பகடை), தன் வார்ஸ்க்ரோலிலேயே நகர்வுத் திறன் உள்ளவை தேறும். ஹீரோ பக்கத்தில் நின்றால்தான் உயிர் வரும் ரகம் தேறாது.

ஓட்டை ஒன்று, அடைப்பு இன்னொன்று

தோற்ற ஆட்டங்களைப் பார்த்தால் பெரும்பாலும் களத்தில் உள்ள குறிக்கோள் இடங்களைப் பிடித்து வைக்க ஆள் இல்லாமல்தான் தோற்றிருப்பார்கள். வாங்குவதோ பெரிய பூதம்! பல பூதங்களின் கன்ட்ரோல் மதிப்பு (குறிக்கோளைப் பிடிக்கும் பலம்) 5. கன்ட்ரோல் 1 உள்ள பத்துக் காலாட்கள் ஒரு குறிக்கோள் மேல் நின்றால் 10. அலமாரியில் அழகாக இருப்பது வேறு விஷயம்.

கிங்ஸ் ஆஃப் வார் மூன்றாம் பதிப்பில் இந்தப் பூத ஆசைக்கு இன்னொரு செலவும் இருக்கிறது. கூட்டாளிப் பூதமோ ஹீரோவோ வர வேண்டுமென்றால், அதே கூட்டாளிப் படையிலிருந்து அதைத் திறந்துவிடும் காலாட்படை ரெஜிமென்ட் முதலில் வர வேண்டும். இருபது மாடலுக்கு வண்ணம் பூசும் வேலையும் சேரும். 500 பாயிண்டில் ரெஜிமென்ட் எவ்வளவு தின்னும் என்று முதலில் கழித்துவிட்டு மிச்சத்துக்குப் பூதம் தேடுங்கள்.

ஏஜ் ஆஃப் சிக்மாரில் களத்தில் இறக்கும் எண்ணிக்கையையும் பாருங்கள். ஒவ்வொரு ரெஜிமென்டும் ஒரே தவணையில் இறங்கும். முதலில் இறக்கி முடிப்பவரே, முதல் சுற்றில் யார் முந்துவது என்று முடிவு செய்வார். ஆக்ஸிலரி ஒவ்வொன்றும் தனித் தவணை, இரவல் தொகுப்பும் ஒரு தவணை. இரண்டு ரெஜிமென்டில் முடிய வேண்டிய படை நான்கு தவணையானால் அந்த உரிமை எதிராளி கைக்குப் போகும். முந்தி ஓடித் தாக்கும் படைக்கு இது பெரிய இழப்பு. பின்வாங்கி நின்று சுடும் படைக்குப் பெரிதாக வலிக்காது.

பேஸும் வண்ணமும்

ஏஜ் ஆஃப் சிக்மாரில் மாடல் நிற்கும் பேஸ் (அடித்தட்டு) வட்டம், தி ஓல்ட் வேர்ல்ட் என்ற ஆட்டத்தில் சதுரம். ஓல்ட் வேர்ல்டில் முன்பு 20 மில்லிமீட்டரில் நின்ற மனிதக் காலாட்கள் இப்போது 25இல் நிற்கிறார்கள். பழைய மாடலைக் கூட்டாளியாகக் கொண்டுவருபவர்கள் பேஸைப் பிய்க்க வேண்டாம். அடாப்டர் தட்டு போதும். இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே மாடல் வேண்டுமென்றால் பேஸ் அடியில் சிறு காந்தமும் தட்டில் இரும்புத் தகடும் ஒட்டுங்கள்.

இரவல் யூனிட்டுக்கு அதன் சொந்த நிறங்களையே கொடுக்கலாம். ஆனால் பேஸின் மண்ணும் விளிம்பு நிறமும் முழுப் படைக்கும் ஒன்றாக இருக்கட்டும், ஒரு சிறு நிறமும், துணிப்பட்டையோ கேடய ஓரமோ, பொதுவாக ஓடட்டும். எதிராளிக்கு எது எந்தப் படை என்று தெரியாமல் போகும் அளவுக்கு ஒன்றாக்கிவிடவும் கூடாது. ஆட்டத்துக்கு முன் லிஸ்டைக் கொடுக்கும்போதே, இந்த யூனிட்களுக்கு என் படையின் போர்க்குணம் கிடையாது என்று விரல் வைத்துக் காட்டிவிடுங்கள். மாற்று மாடல் வைத்திருந்தால் போட்டி நடத்துபவரிடம் முன்கூட்டியே படம் அனுப்பிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.