பிர்ச் விறகு: பட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நார்வே, ஸ்வீடன், பின்லாந்து வீடுகளில் குளிர்காலக் கணப்பு அடுப்புக்குப் பெரிதும் விரும்பப்படுவது, வெள்ளைப் பட்டை கொண்ட பிர்ச் மரத்தின் விறகு. ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்களைவிடக் கனமானது என்பதால், அதே பருமனுள்ள கட்டையிலிருந்து கூடுதல் சூடு கிடைக்கும். பொறியும் அதிகம் தெறிக்காது. இந்த நல்ல பெயரை நம்பித்தான் பலர், புதிதாகக் குடியேறிய நம்மவர்கள் உட்பட, ஈரம் பார்க்காமலே வாங்கி அடுப்பில் வைத்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கட்டையைப் பிளக்காமல் உருளையாகவே காயப் போடுவது. பிர்ச் பட்டையில் பெட்டுலின் என்ற மெழுகு போன்ற பொருள் நிறைந்திருக்கிறது. வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே இறங்காது. உள்ளே இருக்கும் ஈரமும் வெளியேற வழியில்லை. ஒரு கோடைக்காலம் முழுவதும் பிளக்காமல் கிடந்த கட்டையைக் கோடரியால் பிளந்து பாருங்கள். பட்டை பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். உள்ளே மரம் நிறம் மங்கி, பூஞ்சை ஓடி, நகம் பதியும் அளவுக்கு மெத்தென்று ஆகியிருக்கும். அதை அதன்பின் எவ்வளவு காயவைத்தாலும் பழைய சூடு கிடைக்காது.

மரத்தில் சாறு ஏறுவதற்கு முன், குளிர்காலக் கடைசியில் வெட்டி உடனே பிளந்துவிட வேண்டும். தரையில் படாமல், காற்று புகுந்து வெளியேறும்படி அடுக்குங்கள். மழைக்காக மேற்புறத்தை மட்டும் மூடினால் போதும். தார்ப்பாயால் நாலு பக்கமும் இறுகச் சுற்றிக் கட்டுவது, பூஞ்சையை விருந்துக்கு அழைப்பதுதான்.

எரிக்கும்போது ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 0.7 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் செலவாகிறது. அத்தனையும் வீட்டுக்குள் சேர வேண்டிய சூடு. ஈரமானியைக் கட்டையின் வெளிப்புறத்தில் குத்திப் பார்த்துத் திருப்திப்படுவது வீண். பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தில் குத்துங்கள். கருவி இல்லாவிட்டால் ஸ்காண்டிநேவியர்களின் ஒரு நல்ல உத்தி உண்டு: கட்டையின் ஒரு முனையில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைத் தடவி, மறுமுனையில் வாய் வைத்துப் பலமாக ஊத வேண்டும். காய்ந்த பிர்ச் என்றால் அதன் நுண்குழாய்கள் வழியே காற்று போய் நுரை கிளம்பும். ஈரக் கட்டையில் ஒரு குமிழி கூட வராது.

பற்றவைக்கப் பட்டையைப் போல் சிறந்த பொருள் இல்லை, நனைந்திருந்தாலும் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரு சிறு கீற்று போதும். கை நிறைய அள்ளிப் போட்டால் கரும்புகை எழுந்து கண்ணாடிக் கதவெல்லாம் கரி படியும். உயிருள்ள மரத்திலிருந்து பட்டையை உரிக்கவே கூடாது. அந்தக் காயம் கறுத்த தழும்பாகக் கடைசிவரை நிற்கும்.

பெரிய கட்டைகளை அடியிலும் சிராய்களை மேலேயும் வைத்து, காற்றுவழியை முழுதாகத் திறந்து, மேலிருந்து பற்றவையுங்கள். புகை குறையும்.

இரவு முழுவதும் கனன்று கொண்டிருக்கட்டும் என்று அடுப்பை நிரப்பிக் காற்றுவழியை இறுக மூடுவது ஆபத்தான பழக்கம். சுடர் அணைந்து புகையும் விறகிலிருந்து வெளிவரும் தார், புகைபோக்கியின் உட்சுவரில் படிகிறது. ஒருநாள் அது தீப்பற்றினால் வீடே போகும். கூடவே கார்பன் மோனாக்சைடு என்ற மணமில்லாத நச்சு வாயுவும் உருவாகிறது. பிளந்த கட்டைகள் இரண்டு மூன்றைச் சுடர்விட்டு எரியவிட்டு முடித்துவிட்டுப் படுங்கள். அந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் அறையில் பொருத்துங்கள். சாம்பலை மறுநாள் அள்ளினாலும் காகிதப் பையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ கொட்ட வேண்டாம். தணல் நாள்கணக்கில் உள்ளே உயிரோடு இருக்கும். மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, மரச்சுவருக்கு எட்டத்தில், வெளியே வையுங்கள்.