பால் ஒவ்வாமையா? பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள்

வீட்டில் யாருக்காவது பால் ஒவ்வாமை இருந்தால், பாக்கெட்டில் ‘பால்’ என்ற சொல்லை மட்டும் தேடாதீர்கள். கேசின், சோடியம் கேசினேட், கால்சியம் கேசினேட், வே பவுடர், லாக்டால்புமின் எல்லாமே பால் புரதம்தான். காபியில் கலக்கும் ‘நான்-டெய்ரி’ க்ரீமர்தான் நிறைய பேரை ஏமாற்றுகிறது. பெயரில் பால் இல்லை என்றிருக்கும். பொருள் பட்டியலைப் படித்தால் பலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும். மசாலா தூவிய சிப்ஸ், சாசேஜ், பிரெட், பிஸ்கட் இவற்றிலும் பால் பவுடரோ வே பவுடரோ சேர்ப்பதுண்டு.

பச்சைப் புள்ளியை நம்ப வேண்டாம். அது சைவம் என்பதற்கான அடையாளம், பால் சேர்த்த பண்டத்திலும் இருக்கும். ‘லாக்டோஸ் ஃப்ரீ’ பாலும் ஆகாது. அதில் லாக்டோஸ் எனும் பால் சர்க்கரையைத்தான் உடைத்திருக்கிறார்கள், புரதம் அப்படியே இருக்கிறது.

அதேசமயம் வீணாகப் பயப்படவும் வேண்டாம். லாக்டிக் அமிலம் (லேபிளில் 270 என்ற எண்ணாகவும் இருக்கும்) பெரும்பாலும் மாவுச்சத்து, சர்க்கரையை நொதிக்கவைத்து எடுப்பது. கோகோ பட்டரிலும் பால் கிடையாது.

இந்திய லேபிள் விதிகளின்படி, பால் சேர்த்திருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பொருள் பட்டியலுக்குக் கீழேயோ பக்கத்திலோ ‘கன்டெய்ன்ஸ்’ என்று தொடங்கும் வரியை முதலில் தேடுங்கள். ‘மே கன்டெய்ன் மில்க்’ (பால் கலந்திருக்கலாம்) என்றிருந்தாலும் வாங்காமல் இருப்பதே நல்லது. வழக்கமாக வாங்கும் பிராண்டையும் ஒவ்வொரு முறையும் படியுங்கள், சேர்மானத்தைச் சொல்லாமலே மாற்றிவிடுவார்கள். அப்புறம், சில பவுடர் இன்ஹேலர்களில் லாக்டோஸ் உண்டு; அதில் பால் புரதம் லேசாக ஒட்டியிருக்கலாம். ஒவ்வாமை இருப்பதை மருத்துவரிடமும் மருந்துக்கடையிலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.