கொடி சுற்றியிருந்தது என்றாலே பி02.5 தானா? பச்சிளங்குழந்தை கோடிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவக் குறிப்புகளைக் குறியீடுகளாக மாற்றும் புதிய கோடர்களின் சார்ட்களைச் சரிபார்க்க உட்கார்ந்தால், என் பழைய தப்புகளே வேறொருவர் பெயரில் வந்து நிற்கின்றன. எண்ணை மாற்றி அடிப்பது, பிறந்த தேதியை விட்டுவிடுவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவற்றை மென்பொருளே பிடித்துவிடும். தொப்புள்கொடி அழுத்தம் சம்பந்தப்பட்ட சார்ட்களில் மென்பொருள் கண்டுகொள்ளாத, ஆடிட்டர் மட்டும் கண்டுகொள்ளும் தவறுகள் சில உண்டு. சொல்வதெல்லாம் அமெரிக்காவின் நோய்க்குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம் விதிப்படி. தலைப்பில் உள்ள பி02.5, தொப்புள்கொடி அழுத்தத்தால் பாதிக்கப்பட்ட பச்சிளங்குழந்தைக்கான குறியீடு.

தாயின் சார்ட்டில் இருப்பதைக் குழந்தை தலையில் கட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. அண்மையில் ஒரு ட்ரெய்னி முடித்து அனுப்பிய சார்ட். கழுத்தில் கொடி ஒரு சுற்று, தளர்வு, தலை வழியாக எடுத்துவிட்டோம் என்று டெலிவரி நோட்டில் ஒரே வரி. அப்கார் (பிறந்ததும் குழந்தையின் நிலைக்குத் தரும், பத்துக்கான மதிப்பெண்) 8, 9. குழந்தை பிறந்ததும் அழுதது, பால் குடித்தது, தாயோடு வீட்டுக்குப் போய்விட்டது. குழந்தைநல மருத்துவரின் குறிப்பில் கொடி என்ற பேச்சே இல்லை. ஆனால் காப்பீட்டுக்குப் போகும் கிளைமில், பிறப்பைக் குறிக்கும் இசட்38.00-க்குக் கீழே பி02.5 உட்கார்ந்திருக்கிறது.

ஏன் என்று கேட்டால், "இண்டெக்ஸ் அங்கதானே கொண்டுபோய் விடுது" என்கிறார். இண்டெக்ஸ், அதாவது குறியீட்டு நூலின் அகரவரிசைப் பட்டியல், வழி காட்டும். அந்தக் குழந்தை பாதிக்கப்பட்டதா என்று அது சொல்லாது. கழுத்தை இறுக்கிய கொடி, கொடி முடிச்சு, கொடிச் சிக்கல் எல்லாம் பி02.5-க்குள் வரும் என்பது உண்மைதான். ஆனால் தாயின் நிலையாலோ பிரசவச் சிக்கலாலோ குழந்தைக்கு வந்த பாதிப்பைச் சொல்லும் பி00 முதல் பி04 வரையிலான குறியீடுகள், அந்த நிலைதான் குழந்தையின் உடல்நலக் குறைவுக்குக் காரணம் என்று மருத்துவர் குறிப்பிட்டால் மட்டுமே. பிரசவங்களில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதத்தில் கொடி கழுத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. அத்தனைக்கும் பி02.5 போட்டால், பிறக்கிற குழந்தைகளில் கால்வாசி பாதிக்கப்பட்ட குழந்தைகளாகிவிடும்.

அந்த ஒரு சுற்றுக்கு இடம் தாயின் சார்ட். அழுத்தம் இல்லையென்றால் ஓ69.81எக்ஸ்0, அழுத்தம் இருந்தால் ஓ69.1எக்ஸ்எக்ஸ்0. ஓ குறியீடுகள் உள்ள 15-ஆம் அத்தியாயம் தாயின் பதிவுக்கு மட்டும். பி குறியீடுகள் உள்ள 16-ஆம் அத்தியாயம் தாயின் பதிவுக்கு ஒருபோதும் இல்லை. இதைக் கற்றவுடன் பலர் அடுத்த குழியில் விழுகிறார்கள்: தாய்க்கு ஓ69.1 என்றால் குழந்தைக்குத் தானாக பி02.5. கிடையாது. மானிட்டரில் இதயத்துடிப்பு இறங்கி ஏறியிருக்கலாம். அதே குழந்தை எந்தக் குறையும் இல்லாமல் பிறந்திருக்கலாம்.

இன்னும் சிலர் 'பாதிப்பு வரக்கூடிய நிலையும் சேரும்' என்ற குறிப்பைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள். சரி, ஆனால் அதையும் குறிப்பிட வேண்டியவர் மருத்துவர். நாம் ஊகிக்க முடியாது. முன்பு இந்தக் குறியீடுகளின் தலைப்பிலேயே 'பாதிக்கப்பட்டதாகச் சந்தேகம்' என்பதும் இருந்தது. 2016 அக்டோபர் 1 முதல் அது போய்விட்டது. பழைய பயிற்சி நோட்ஸை இன்னும் ஜெராக்ஸ் எடுத்துப் படிப்பவர்களிடம்தான் இந்தத் தவறு அதிகம்.

விளைவு சின்னதல்ல. ஆதாரமில்லாத நோய்க்குறியீடு, சாதாரணக் குழந்தையை டிஆர்ஜி (மருத்துவமனைக்குக் கிடைக்கும் பணத்தைத் தீர்மானிக்கும் பிரிவு) 795-லிருந்து, குறிப்பிடத்தக்க பிரச்சினையுள்ள குழந்தைகளுக்கான 794-க்குத் தள்ளிவிடக்கூடும். ஆடிட்டில் பணம் திரும்பப் போகும். ஒருமுறை இப்படிப்பட்ட பில்லைப் பார்த்த தந்தை, "என் பிள்ளைக்கு மூளையில ஏதாவது ஆயிடுச்சா?" என்று மருத்துவரிடமே போய் நின்றார். மருத்துவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

எப்போது போடலாம்? கொடி இறுக்கமாக இருந்தது, தோள் வெளிவரும் முன்பே கிளாம்ப் போட்டு வெட்டினார்கள், முகமெல்லாம் சிவப்புப் புள்ளிகள், இறுகிய கொடியால் வந்தவை என்று குழந்தைநல மருத்துவர் எழுதி, கண்காணிப்பில் வைத்தார் என்றால் தாராளமாக இசட்38, பி54.5, பி02.5. மதிப்பீடு, சிகிச்சை, பரிசோதனை, கூடுதல் நாள் தங்கல், கூடுதல் செவிலியர் கவனிப்பு, எதிர்கால மருத்துவத் தேவை: இவற்றில் ஒன்றாவது குழந்தையின் சொந்த சார்ட்டில் தெரிய வேண்டும்.

அப்காரைப் பார்த்து அஸ்ஃபிக்சியா (மூச்சுத்திணறல்) போடுவது

முதல் நிமிட அப்கார் 3 என்பது ஒரு மதிப்பெண், நோயறிதல் அல்ல. தொப்புள்தமனி ரத்தத்தில் பிஹெச் 7.0-க்குக் கீழே இருந்தாலும் அதேதான்: மருத்துவர் எழுதாதவரை பி84-ம் (அஸ்ஃபிக்சியா) இல்லை, பி19-ம் (ரத்தத்தில் அமிலமிகுதி) இல்லை. குழந்தையை 72 மணி நேரம் குளிர்வித்தார்கள் என்பதைக் கண்டு, பி91.62 என்று மிதமான மூளைப் பாதிப்பை நாமே முடிவுசெய்வது இன்னும் மோசம். லேசானதா, மிதமானதா, கடுமையானதா என்பது மருத்துவரின் வார்த்தை. குளிர்விப்பு, க்வெரி (மருத்துவரிடம் விளக்கம் கேட்டு எழுதும் கேள்வி) அனுப்ப நல்ல காரணம், அவ்வளவே.

பி21-ஐத் தேடுவது

பிறப்பு அஸ்ஃபிக்சியாவுக்கான அந்தக் குறியீடு உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10-ல் இருக்கிறது. அமெரிக்க சிஎம்-ல் இல்லை.

கொடி முன்னிறங்கினால்

குழந்தைக்கு முன்பே கொடி இறங்கிவிட்டால் பி02.4. அதற்கும் குழந்தை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இசட்38 இரண்டாம் முறை

பிறந்த மருத்துவமனையில், ஒரே தடவை, முதல் குறியீடாக. குழந்தையை மாற்றி அனுப்பிய வேறு மருத்துவமனையின் என்ஐசியு-வில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) கிடையாது.

இசட்05-ஐ மறப்பது

மூச்சுக் கோளாறு இருக்குமோ என்று சந்தேகித்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்று முடிந்தது என்றால் இசட்05.3. பிறப்புப் பதிவில் இசட்38-க்குப் பின்னால் வரும். குழந்தைக்கு உண்மையிலேயே அறிகுறி இருந்தால் அந்த அறிகுறியைப் போடுங்கள், இசட்05 வேண்டாம்.

பதிலை ஊட்டிவிடும் க்வெரி

"கொடி அழுத்தத்தால் குழந்தை பாதிக்கப்பட்டதை உறுதிசெய்யவும்" என்று எழுதினால் அது கேள்வியே அல்ல. சார்ட்டில் உள்ளதை மட்டும் வரிசையாக வையுங்கள்: இறுக்கமான கொடி, வெட்டிய நேரம், தொப்புள்கொடி ரத்த வாயு அளவு, கொடுத்த ஆக்சிஜன். பிறகு, இவற்றின் மருத்துவ முக்கியத்துவம் என்ன என்று கேளுங்கள். தேர்வுகளில் 'பாதிப்பு இல்லை', 'வேறு', 'தீர்மானிக்க இயலவில்லை' மூன்றும் இருக்க வேண்டும். டிஆர்ஜி பற்றியோ பணத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் கூடாது. மருத்துவர் 'பாதிப்பு இல்லை' என்று டிக் செய்து அனுப்பினால், பி02.5 இல்லாமல் சார்ட்டை மூடுங்கள். இரண்டாவது க்வெரி அனுப்பாதீர்கள்.